சத்திரசிகிச்சைக்கு முந்திய இரவு

சத்திரசிகிச்சை நடைபெறும் நாளைப் பற்றி வைத்திய நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அது முடிந்த பின்னர் நோயாளியைப் பேணும் முறைகளையும் அவை எடுத்துரைக்கின்றன. ஆயின், அதற்கு முந்திய நாள் என்று ஒன்று உண்டு. அன்று கத்தியும் இல்லை, நோவும் இல்லை. உடல் வழக்கம்போல உண்கிறது, நடக்கிறது. உள்ளம் மட்டும் ஓரிடத்தில் நில்லாது அலைகிறது. அந்த ஒரு நாளைக் கடப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இதனை எழுதத் தூண்டியது எமது குடும்பத்தில் நிகழ்ந்த ஓர் அனுபவமாகும். எமது தமக்கையாருக்கு வயது 51. நீரிழிவும் இரத்த அழுத்தமும் அவரைப் பல்லாண்டுகளாக வாட்டி வந்தன. ஒரு காலத்தில் அவரது நிறை 112 கிலோ. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், வைத்தியர்களின் ஆலோசனைப்படி, இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சையைச் செய்துகொண்டார். அதன்பின் உணவை அளந்துண்டு, நாள்தோறும் நடந்து, இரண்டு ஆண்டுகளில் 68 கிலோவுக்கு இறங்கினார். குளிசைகள் குறைந்தன, மூச்சிரைப்பு நீங்கியது. ஊரார் வியந்தனர், வீட்டார் மகிழ்ந்தோம்.

ஆனால் எவருக்கும் தெரியாத துன்பமொன்று எஞ்சியிருந்தது. கொழுப்புக் கரைந்த இடத்திலே தோல் மட்டும் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. தோலுக்கு உறுதியையும் நெகிழ்வையும் தருபவை கொலாஜன், எலாஸ்டின் என்னும் இழைகள். நெடுங்காலம் இழுபட்டிருந்த இழைகள், பழைய றப்பர் நாடாவைப் போல, மீண்டும் சுருங்கும் ஆற்றலை இழந்துவிடுகின்றன. எவ்வளவுதான் தேகப்பயிற்சி செய்தாலும் தசை உறுதிபெறுமேயன்றி அத்தோல் சுருங்குவதில்லை. எமது வெப்ப நாட்டிலே அம்மடிப்புக்களுக்குள் வியர்வை தேங்கும், தோல் சிவந்து புண்ணாகும், பூஞ்சணமும் பற்றும். தமக்கையார் இவற்றையெல்லாம் சேலைக்குள் மறைத்துக்கொண்டு ஒன்றரை ஆண்டுகள் வாளாவிருந்தார்.

பெயரால் வந்த பிழை

இதற்குரிய பரிகாரம் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை என்று வைத்தியர் கூறியபோது, வீட்டில் எழுந்த முதற்குரல் எம்முடையதே. “இந்த வயதில் அழகு எதற்கு?” என்று நாம் கேட்டுவிட்டோம். பட்டம் பெற்றவர், மாணவருக்குப் பாடஞ் சொல்பவர் என்ற பெயரெல்லாம் அந்த ஒரு வினாவில் அடிபட்டுப் போயின என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

பிளாஸ்டிக் என்னும் சொல்லுக்கும் கடையில் விற்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. உருவமைத்தல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. இன்று நாம் புழங்கும் பிளாஸ்டிக் பொருள்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஜேர்மன் வைத்தியர்கள் இச்சொல்லை வைத்தியத் துறையில் வழங்கத் தொடங்கிவிட்டனர். தொங்கும் வயிற்றுத் தோலை அகற்றுவதும் நேற்று வந்த நாகரிகமன்று. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹவாட் கெலி என்னும் வைத்தியர், ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து 7 கிலோவுக்கு மேற்பட்ட தோலையும் கொழுப்பையும் அகற்றிய செய்தி 1899ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று. நடக்கவும் குனியவும் இயலாத துன்பத்தைத் தீர்ப்பதும் இத்துறையின் பணியே என்பதை இதனால் அறியலாம்.

வெள்ளவத்தையில் ஓர் இரவு

நிற்க. குறித்த நாளுக்கு முந்திய நாள் தமக்கையாருடன் கொழும்பு சென்று, வெள்ளவத்தையிலுள்ள உறவினர் வீட்டில் தங்கினோம். மறுநாட் காலை 6 மணிக்கு வைத்தியசாலையில் இருத்தல் வேண்டும். மாலை வரை அவர் வழக்கம்போல உரையாடிக்கொண்டிருந்தார். இரவு இடியப்பமும் சொதியும் பரிமாறினர். இரண்டு இடியப்பத்தைப் பிய்த்தபடியே இருந்தார், உண்ணவில்லை. பின்னர் விறாந்தையில் எம்மருகே வந்து அமர்ந்து மெல்லிய குரலிற் சொன்னார்:

“தம்பி, எனக்குப் பயமாக் கிடக்கு. விடிய எழும்பி ஊருக்குப் போவமே?”

“ஒண்டுமில்லை அக்கா, பயப்பிடாதையுங்கோ,” என்றோம் நாம். யாவரும் சொல்வது இதுதானே!

“ஒண்டுமில்லையெண்டால் ஏன் வெட்டுகினம்?” என்று கேட்டார் அவர்.

அந்த வினாவுக்கு எம்மிடம் விடையில்லை. ‘பயப்படாதே’ என்னும் சொல் பயந்தவரைத் தேற்றுவதில்லை, அவரைத் தனிமைப்படுத்துகிறது. தமது அச்சத்தை வெளியிட்டது பிழை என்று அவர் எண்ணுவார். அடுத்த முறை வாயே திறக்கமாட்டார். இதனை நாம் அன்றிரவுதான் உணர்ந்தோம்.

இன்னொன்றையும் அன்று அறிந்தோம். இரைப்பைச் சத்திரசிகிச்சையின்போது அவர் இவ்வாறு அஞ்சவில்லை. “அப்ப டொக்டர் செய்யத்தான் வேணும் எண்டவர். இது நானாக் கேட்டது,” என்றார். நோய் தள்ளிக்கொண்டு செல்லும்போது மனிதன் தன்னை நொந்துகொள்வதில்லை. தானே தெரிந்தெடுத்த வழியிலோ, ஒவ்வோர் அடியிலும் ‘இது வேண்டுமா?’ என்னும் வினா காலைத் தடுக்கின்றது. இத்தகைய சத்திரசிகிச்சைக்கு முந்திய நாளின் கலக்கம் பெரும்பாலும் இவ்விடத்திலிருந்தே பிறக்கின்றது.

அச்சம் குற்றமன்று

அச்சம் உடலின் இயல்பான தொழிற்பாடு. ஆபத்தொன்றை எதிர்நோக்கும்போது, சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள சுரப்பிகள் அதிரினலீனைச் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கின்றது, வாய் உலர்கின்றது, உணவு செல்ல மறுக்கின்றது, உறக்கம் அகல்கின்றது. எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடலை ஆயத்தப்படுத்தும் இச்செயலை அமெரிக்க அறிஞர் வோல்ற்றர் கனன் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். ஆகவே இடியப்பம் இறங்காமை கோழைத்தனமன்று. சுரப்பிகள் தம் கடமையைச் செய்கின்றன என்பதே அதன் பொருள்.

முற்காலத்தில் இவ்வச்சத்தைத் தணிப்பதற்கு வைத்தியர்கள் கையாண்ட வழி மறைத்தலாகும். ஆங்கில நாவலாசிரியை பிரான்சிஸ் பேணி 1811ஆம் ஆண்டில், பாரிஸ் நகரில், மயக்க மருந்தின்றி மார்புச் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டார். அது என்று நடக்கும் என்பதை வைத்தியர்கள் முன்கூட்டி அறிவிக்கவில்லை. சில மணி நேரத்துக்கு முன்னரே தெரிவித்தனர். நீண்ட நாள் அஞ்ச வேண்டாமே என்னும் இரக்கம் அது. ஆனால் நாள் தெரியாது காத்திருந்த அவருக்கு ஒவ்வொரு நாளும் அந்த நாளாகவே தோன்றியிருக்கும் அன்றோ? தாம் பட்ட பாட்டைத் தமது தமக்கையாருக்கு நீண்ட கடிதமாக எழுதிய அவர், அதன்பின் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1840ஆம் ஆண்டில் காலமானார்.

1846ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16ஆந் திகதி, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில், வில்லியம் மோட்டன் என்னும் பல் வைத்தியர் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்க, ஜோன் வொறன் என்னும் சத்திரவைத்தியர் கழுத்துக் கட்டியொன்றை வலியின்றி அகற்றிக் காட்டினார். சத்திரசிகிச்சை வேளையின் வலி அன்று வெல்லப்பட்டது. முந்திய நாளின் அச்சமோ எஞ்சி நின்றது.

அவ்வச்சத்துக்கு மருந்து தேடிய ஆராய்ச்சியொன்று, 118 ஆண்டுகள் கழித்து, அதே வைத்தியசாலையிலிருந்தே வெளிவந்தது. எக்பேட் என்னும் மயக்கமருந்து நிபுணரும் அவரது துணைவர்களும் வயிற்றுச் சத்திரசிகிச்சைக்கு வந்த 97 நோயாளிகளை இரு பிரிவினராக்கினர். ஒரு பிரிவினரிடம் முந்திய நாளிலேயே சென்று, எங்கே நோகும், எவ்வளவு நோகும், எத்தனை நாள் நோகும், அப்போது தசையைத் தளர்த்தி எவ்வாறு மூச்சுவிடுவது, எவ்வாறு புரண்டு படுப்பது என்பவற்றை விளக்கினர். மறு பிரிவினருக்கு அவ்வாறு விளக்கவில்லை. விளக்கம் பெற்றவர்களுக்குப் பின்னர் தேவைப்பட்ட வலிநீக்கி மருந்து ஏறக்குறைய அரைப்பங்கே! சராசரியாக 2.7 நாள்கள் முன்னதாகவே அவர்கள் வீடு திரும்பவும் முடிந்தது. வீடு செல்ல அனுமதித்த சத்திரவைத்தியர்களுக்கு யார் எப்பிரிவினர் என்பது தெரியாது. 1964ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. மறைத்தல் இரக்கமன்று, தெரிவித்தலே இரக்கம்.

ஓர் அப்பியாசப் புத்தகம்

ஆசிரியத் தொழில் புரிவோர் செல்லும் இடமெல்லாம் அப்பியாசப் புத்தகம் ஒன்று பையில் இருக்கும். அன்றிரவு அதில் ஒரு தாளைப் புரட்டித் தமக்கையாரிடம் கொடுத்து, “அக்கா, பயம் எண்டு பொதுவாச் சொல்லாமல், எதுக்குப் பயம் எண்டு ஒவ்வொண்டா எழுதுங்கோ,” என்றோம். முதலில் மறுத்தவர் பின்னர் எழுதத் தொடங்கினார். அரை மணி நேரத்தில் ஒன்பது வரிகள் எழுதப்பட்டன.

அவற்றுள் நான்கு, வைத்தியரிடம் கேட்க வேண்டியவை. நான்கு, அன்றிரவே நாம் தீர்க்கக் கூடியவை. ஊரில் தனித்திருக்கும் மாமியாரைக் கவனிப்பவர் யார்? வீட்டுத் திறப்பு யாரிடம்? வங்கிப் புத்தகம் எந்த அலுமாரியில்? எழுந்து நடக்கும்வரை துணைக்கு நிற்பவர் யார்? இரண்டு தொலைபேசி அழைப்புக்களில் இந்நான்கும் தீர்ந்தன. உயிர்ப் பயம் என்று நாம் எண்ணியதில் ஏறக்குறைய பாதி, வீட்டுப் பொறுப்பு! குடும்பத்தைச் சுமக்கும் பெண்களின் அச்சத்தைப் புரிந்துகொள்ள விரும்புவோர் இதனை மறத்தலாகாது.

ஒன்பதாவது வரியைப் பற்றிப் பின்னர் கூறுவோம். வைத்தியருக்குரிய நான்கு வினாக்களையும் மறுநாட் காலை மயக்கமருந்து நிபுணர் பத்து நிமிடம் அமர்ந்து பொறுமையுடன் தீர்த்துவைத்தார். அவர் கூறியவற்றோடு நாம் படித்தறிந்தவற்றையும் சேர்த்து இங்கே தருகின்றோம்.

முதலாவது, ‘மயக்கம் தெளியாமற் போனால்?’ மயக்க மருந்து கொடுத்துவிட்டு வைத்தியர் அகன்றுவிடுவதில்லை. முடியும்வரை தலைமாட்டிலேயே நின்று மூச்சையும் நாடியையும் இரத்தத்தின் ஒட்சிசனையும் கண்காணிக்கின்றார். வேறு கடும் நோயில்லாதவர்களுக்கு மயக்க மருந்தினாலேயே மரணம் நேர்வது, முன்னேறிய நாடுகளின் கணக்குப்படி, அண்ணளவாக இலட்சத்தில் ஒருவருக்கே.

இரண்டாவது, ‘இடையில் விழித்துவிட்டால்?’ பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் நடத்தப்பெற்று 2014ஆம் ஆண்டில் வெளியான பேராய்வு, இவ்வாறு உணர்வு மீண்டதாக நோயாளர் முறையிடுவது ஏறக்குறைய 19,000 பேரில் ஒருவர் எனக் கண்டது.

மூன்றாவது, ‘ஆளை மாற்றி வேறேதும் செய்துவிட்டால்?’ தாதியர் வந்து வந்து பெயரைக் கேட்கும்போது, ‘இவர்களுக்கு என்னை யாரென்றே தெரியாதோ?’ என்று நோயாளி நடுங்குவதுண்டு. உண்மை அதற்கு மாறானது. உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட பாதுகாப்புப் பட்டியலின்படி, மயக்குமுன், கீறுமுன், கூடத்தை விட்டு அகலுமுன் என மூன்று முறை யாவும் சரிபார்க்கப்படுகின்றன. எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் இப்பட்டியலைப் பயன்படுத்தியபோது, மரணம் நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8ஆகக் குறைந்ததென 2009ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஆகவே பத்தாம் முறை பெயர் கேட்டாலும் முகம் சுழியாது சொல்லுதல் நன்று. அவ்வினா ஒரு காவல்.

நான்காவது, ‘எவ்வளவு நோகும்?’ வைத்தியர் இதனை மழுப்பவில்லை. சில நாள்கள் நன்றாகவே நோகும், மருந்து தரப்படும். நீர் வடிவதற்குச் சிறு குழாய்கள் பொருத்தப்பட்டிருக்கலாம். முதற் கிழமையில் சற்றுக் கூனியே நடக்க நேரிடும். கால் நாளங்களில் இரத்தம் உறையாதிருக்க, நோவுடனேயே எழுந்து நடக்க வேண்டும். இறுக்கமான வயிற்றுக் கச்சை அணிய வேண்டும். பல கிழமைகளுக்குப் பாரந் தூக்குதல் ஆகாது. இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை செல்லும் தழும்பு காலப்போக்கில் மங்கும், மறையாது. இவ்வளவையும் கேட்ட தமக்கையார் முகம் வாடுமென எதிர்பார்த்தோம். மாறாக, அது தெளிந்தது!

முந்திய நாளில் செய்யத்தக்கவை

இத்தகைய நாளை எதிர்நோக்கும் வாசகர்க்குப் பயன்படக்கூடிய சிலவற்றைத் தொகுத்துரைப்போம்.

உணவு நிறுத்த வேண்டிய நேரத்தை வைத்தியசாலையில் கேட்டு எழுதிக்கொள்க. பொதுவாகத் திண்ணிய உணவை 6 மணி நேரத்துக்கு முன்னரும், தெளிந்த நீரை 2 மணி நேரத்துக்கு முன்னரும் நிறுத்தச் சொல்வர். பால் கலந்த தேநீர் நீராகக் கொள்ளப்படுவதில்லை. மயங்கிய நிலையில் இரைப்பையிலுள்ளது மேலேறிச் சுவாசப்பைக்குள் செல்லாதிருத்தற்கே இவ்விதி. இரக்கப்பட்டு ‘ஒரு வாய்’ ஊட்டும் உறவினர் நன்மை செய்பவரல்லர்.

நீரிழிவுக் குளிசை, இரத்தத்தை ஐதாக்கும் மருந்து, நாட்டு மருந்து ஆகிய யாவற்றையும் வைத்தியரிடம் சொல்லுக. எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பது அவர் தீர்மானிக்க வேண்டியது. இருமலோ காய்ச்சலோ தோன்றினால், நாள் தள்ளிப்போகுமே என்று மறைக்கலாகாது. புகைப்பவர் பல கிழமைகளுக்கு முன்னரே நிறுத்தியிருத்தல் வேண்டும். புகை தோலுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துக் காயம் ஆறுவதைக் கெடுக்கும். இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் இரும்புச் சத்தும் புரதமும் குறைவின்றி உள்ளனவா என்று முற்கூட்டியே சோதித்திருத்தலும் அவசியம்.

இரவிலே பிறருடைய சத்திரசிகிச்சைக் கதைகளைக் கேட்பதைத் தவிர்க்க. நலமாக வீடு திரும்பியவர் கதையை எவரும் சுவைபடச் சொல்வதில்லை. கைத்தொலைபேசியில் விபரீதப் படங்களைத் தேடிப் பார்ப்பதும் அவ்வாறே. விரும்பிய இசையைக் கேட்கலாம். சத்திரசிகிச்சைக்கு முந்திய கலக்கத்தை இசை தணிக்கக் கூடுமென, பல ஆய்வுகளை ஒருங்கே நோக்கிய 2013ஆம் ஆண்டின் மதிப்பீடொன்று கூறுகின்றது. மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல விடுதல் துடிப்பைத் தணிக்கும். உறக்கம் வராவிடினும் வருந்த வேண்டியதில்லை. கண்மூடிக் கிடத்தலும் ஓய்வே.

ஒன்பதாவது வரி

இனி, எஞ்சிய வரிக்கு வருவோம். ‘இது எனக்குத் தேவையா? எனக்கு ஏதும் நடந்தால், அழகுக்கு ஆசைப்பட்டுப் போனவள் என்று சொல்வார்களே’ என்று அவர் எழுதியிருந்தார். அழகு என்னும் சொல்லின் கீழ் ஒரு கோடு இருந்தது. அச்சொல்லை அவரது உள்ளத்தில் ஊன்றியவர் யாரென்பதை நாம் அறிவோம்.

இதற்கு எந்த வைத்தியரும் விடையளிக்க முடியாது. எந்தக் கணக்கும் உதவாது. எம்மால் இயன்றது ஒன்றுதான். “அண்டைக்கு நான் சொன்னது பிழை அக்கா,” என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், ஒருவருக்கும் சொல்லாதிருந்தவற்றைச் சொல்லலானார். கோடைக் காலத்திலே மடிப்புப் புண் எரிய, இரவில் நனைத்த துணியை வைத்துக்கொண்டு படுத்திருந்ததையும், மணம் வருமோ என்று அஞ்சி மருமகளின் கலியாணத்தில் பின்வரிசையில் அமர்ந்ததையும், நிறை குறைந்த பின்னும் அது தமது உடலாகத் தோன்றவில்லை என்பதையும் கூறினார். சொல்லி முடித்ததும், பென்சிலை எடுத்து அந்த வரியின் எதிரே ‘தேவை’ என்று தாமே எழுதினார். மணி பதினொன்றைக் கடந்திருந்தது.

மறுநாட் காலை, சத்திரவைத்தியர் அவரை நிற்கவைத்துத் தோலில் மையினால் கோடுகள் வரைந்தார். வரைந்து முடித்து, “அம்மா, இப்போதும் வேண்டாமென்றால் சொல்லலாம், எவரும் கோபிக்கமாட்டோம்,” என்றார். தமக்கையார் சிரித்தபடி, “கீறின கோட்டை அழிக்கிறது கஷ்டம் டொக்டர், செய்வம்,” என்றார். திரும்பிச் செல்ல வழி திறந்திருக்கின்றது என்பதை அறிந்தவருக்கே முன்னே செல்லும் துணிவும் பிறக்கின்றது போலும்.

சத்திரசிகிச்சை நான்கு மணி நேரம் நடந்தது. யாவும் இனிதே முடிந்தன என்று கதை புனைய விரும்பவில்லை. காயத்தின் ஓர் ஓரம் ஆறாது இரண்டு கிழமை மருந்து கட்ட நேர்ந்தது. அப்படி நேரலாம் என்று முன்னரே அறிந்திருந்தமையால் அவர் கலங்கவில்லை. இப்போது எட்டு மாதங்கள் ஆகின்றன. சென்ற கோடையில் நனைத்த துணி தேவைப்படவில்லை.

அண்மையில் எமது அப்பியாசப் புத்தகத்தைத் தேடினோம், காணவில்லை. விசாரித்தபோது, அயல்வீட்டு அம்மையார் ஒருவருக்குக் கண்ணிலே சத்திரசிகிச்சை என்றும், அவருக்கு இரவில் நித்திரை இல்லை என்று கேள்வியுற்றுத் தமக்கையார் அதனை எடுத்துச் சென்றுவிட்டார் என்றும் தெரிந்தது. எழுதிய தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு, வெறுந் தாள்களையே கொடுத்தாராம். “அவவின்ர பயம் வேற, என்ர பயம் வேற தம்பி,” என்றார்.